கன்றின் லென்ஸ் சாறு குளிரில் பால் போல வெளுப்பது ஏன்? கிரிஸ்டலின் புரதங்களின் அமைப்பு

பரிதி

கண் லென்ஸின் முக்கியப் புரதங்கள் ஆல்பா, பீட்டா, காமா என்ற மூவகைக் கிரிஸ்டலின்கள். கன்றின் லென்ஸிலிருந்து காமா கிரிஸ்டலினைப் பிரிப்பதில் ஒரு சிக்கல். உறையை உரித்துவிட்டு, ஒரு லென்ஸுக்கு 2 மி.லி. பஃபர் வீதம் (50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஹெச் 7.4, 100 மில்லிமோலார் உப்பு) சேர்த்து அரைத்து, 4 டிகிரியில் சென்ட்ரிபியூஜ் ஓட்டினால் சாறு பால் போல வெளுக்கிறது. குழாயின் அடியில் வெள்ளைப் படிவு தங்குகிறது. மேல்நீரை, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் பத்தியில் ஏற்றிப் பார்த்தால் ஆல்பா, பீட்டா உச்சிகள் சரியாக இருக்கின்றன. காமா மட்டும் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. சிஸ்டீன்களுக்கு இடையிலான சல்பர் பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்த்தும் மாற்றமில்லை. புரதத்தின் மடிப்பு குலைந்து திரண்டுவிட்டதா?

படிகன்

அந்தப் படிவைக் கொட்டிவிடாதீர்கள், நீங்கள் தேடும் காமா அதில்தான் இருக்கிறது. குழாயை 37 டிகிரி நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். தெளிந்துவிட்டால் மடிப்பு குலையவில்லை என்று அர்த்தம். இதன் பெயர் குளிர்ப்புரை. இளம் மாட்டின் முழு லென்ஸைப் பனிக்கட்டி மேல் வைத்தாலே நடுப்பகுதி வெண்மையாகும், கைச்சூடு பட்டால் மறுபடி தெளியும். 1977-இல் டனாகா, இஷிமோட்டோ, சைலாக் ஆகிய மூவரும் இளம் எலியின் லென்ஸில் இதை ஆராய்ந்து, புரதமும் நீரும் இரண்டு திரவங்களாகப் பிரிவதே காரணம் என்று காட்டினார்கள். ஒரு திரவத்தில் புரதம் அடர்ந்திருக்கும், மற்றதில் நீர்த்திருக்கும். அடர்ந்த துளிகள் ஒளியின் அலைநீளத்தை எட்டும் அளவுக்கு வளர்ந்ததும் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் வடிவத்தில் அப்படியே இருக்கும். அதனால்தான் சூடேற்றினால் முழுவதும் மீள்கிறது, டிடிடி எதையும் மாற்றுவதில்லை.

எல்லாக் காமாவும் இப்படி நடந்துகொள்வதில்லை. காமா இ, காமா எஃப் இரண்டும் குளிரை உடனே காட்டிக்கொடுக்கும். காமா பி, டி, எஸ் மூன்றும் மிகக் குளிர்ந்தால்தான் பிரியும். மனிதரில் இ, எஃப் இரண்டுமே செயலற்ற பொய்மரபணுக்கள். நம் லென்ஸில் பெரும்பங்கு வகிப்பவை சி, டி, எஸ்.

செய்முறையை இப்படி மாற்றிப் பாருங்கள். அரைப்பது முதல் பத்தியில் ஏற்றுவது வரை எல்லாமே 22 முதல் 25 டிகிரியில் நடக்கட்டும். லென்ஸுக்கு 2 மி.லி. போதாது, 8 முதல் 10 மி.லி. வேண்டும். 2 கிராம் எடையுள்ள ஒரு மாட்டு லென்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே புரதம் இருக்கும். 10 மி.லி.யில் கரைத்தாலும் அது 60, 70 மி.கி./மி.லி. வரை வந்துவிடும். 15,000 ஜி-யில் 30 நிமிடம் ஓட்டுங்கள். அறை வெப்பநிலையில் வேலை செய்வதால் புரதச் சிதைப்பிகளைக் கவனித்தாக வேண்டும். லென்ஸில் கால்பெயின் என்ற சிதைப்பி உண்டு, அதற்குக் கால்சியம் தேவை. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ 1 மில்லிமோலார் போட்டால் அது அடங்கும். பிஎம்எஸ்எஃப் என்ற சிதைப்பித் தடுப்பானும் போடுவதானால் அரைக்கும் நொடியில் போடுங்கள். பிஹெச் 7.5 நீரில் ஒரு மணி நேரத்துக்குள் அதில் பாதி செத்துவிடும்.

பரிதி

37 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. நன்றி. ஆனால் இப்போது பெரிய கேள்வி ஒன்று வருகிறது. முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் பத்து சதவீதம்தான். லென்ஸில் 35 சதவீதம், நடுப்பகுதியில் அதற்கும் மேல். இவ்வளவு நெருக்கத்தில் ஒளி எப்படிச் சிதறாமல் போகிறது?

ஒளிச்சிதறல்

இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் சிதறாமல் போகிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

லென்ஸ் ஒளியை வளைக்க வேண்டுமானால் அதன் ஒளிவிலகல் எண் நீரைவிட உயர்ந்திருக்க வேண்டும். புரதம் ஒரு மி.லி.க்கு ஒரு கிராம் கூடினால் ஒளிவிலகல் எண் சுமார் 0.19 கூடும். 0.35 கிராமுக்கு 0.066. நீரின் 1.334-உடன் சேர்த்தால் 1.40. ஆக, இந்த அடர்த்தி லென்ஸின் வேலைக்கே அடிப்படை, குறைக்க வழியில்லை.

ஒவ்வொரு புரதமும் மற்றதைப் பொருட்படுத்தாமல் தன்னிச்சையாக ஒளியைச் சிதறடித்தால் லென்ஸ் ஒளி புகாததாகிவிடும். ட்ரோக்கல் 1962-இல் இதைக் கணக்கிட்டு, புரதங்களுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு இருந்தே ஆக வேண்டும் என்றார். படிகம் போன்ற ஒழுங்கு தேவையில்லை, திரவத்தில் இருப்பது போன்ற குறுந்தொலைவு ஒழுங்கே போதும் என்பதை 1971-இல் பெனடெக் விளக்கினார். 1983-இல் டெலே, டார்டியூ இருவரும் அதை அளந்தே காட்டினார்கள். கன்று லென்ஸின் புறப்பகுதிச் சாற்றை நீர்த்த நிலையிலிருந்து அடர்த்தியாக்கிக்கொண்டே போனால் சிதறல் முதலில் கூடும். ஏறத்தாழ 100 மி.கி./மி.லி.யைத் தாண்டிய பிறகு குறையத் தொடங்கும்.

காரணம் எளிது. கூட்டம் குறைவாக இருந்தால் ஆட்கள் ஓரிடத்தில் குவிவார்கள், ஓரிடத்தில் வெறிச்சோடும். தேர்த்திருவிழா நெரிசலில் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்திதான். ஒளியைச் சிதறடிப்பது அடர்த்தியின் ஏற்ற இறக்கம், அடர்த்தி அல்ல. ஏற்ற இறக்கம் அடங்கினால் சிதறலும் அடங்கும்.

எண்ணாகப் பார்க்கலாம். கடினக் கோள மாதிரியில் தன்னிச்சையான சிதறலை இந்தக் காரணியால் பெருக்க வேண்டும்: (1−வ)⁴ வகுத்தல் [(1+2வ)² + வ³(வ−4)]. இதில் வ என்பது புரதம் பிடிக்கும் கனஅளவுப் பங்கு. வ = 0.25 என்றால் காரணி 0.144, அதாவது ஏழில் ஒரு பங்கு. ஆல்பா கிரிஸ்டலின் உள்ளே நீரைப் பிடித்து வைத்திருப்பதால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1.7 மி.லி. இடம் அடைக்கும். 300 மி.கி./மி.லி.யில் வ = 0.5 ஆகிவிடும், காரணி 0.0175. ஐம்பத்தேழில் ஒரு பங்கு! பத்தியிலிருந்து இறங்கும் ஆல்பா கரைசல் 10 மி.கி./மி.லி.யிலேயே நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரிவதும், லென்ஸுக்குள் அதே புரதம் 300-இல் தெளிவாக இருப்பதும் இதனால்தான். அந்த நீலச்சாயலைக் கண்டு கெட்டுப்போன கரைசல் என்று கொட்டிவிட வேண்டாம்.

திரள் உண்டானால் இந்தக் கணக்கு உடையும். எடை அடர்த்தி மாறாமல் துகளின் எடை மட்டும் பத்து மடங்கானால் சிதறலும் பத்து மடங்காகும். 5 கோடி டால்டன் எடையுள்ள திரள்கள் இருந்தாலே கண்புரை அளவுக்கு மங்கல் வரும் என்பது பெனடெக்கின் கணக்கு.

தும்பி

இயற்பியல் இதோடு முடிகிறது. அவ்வளவு நெருக்கத்தில் எழுபது எண்பது ஆண்டுகள் ஒட்டாமல் கிடக்கும்படி அந்தப் புரதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. லென்ஸின் நார்ச்செல்கள் முதிரும்போது உட்கரு, மைட்டோகாண்டிரியா எல்லாவற்றையும் இழந்துவிடுகின்றன. நடுப்பகுதியில் புதுப் புரதம் உருவாவதே இல்லை. கருவில் இருந்தபோது உண்டான மூலக்கூறுதான் கடைசி வரை. கிரீன்லாந்து சுறாவின் வயதை 2016-இல் கணித்தது லென்ஸின் மையத்தில் உள்ள கதிர்க்கரிமத்தை வைத்துத்தான். ஆகப் பெரிய சுறாவுக்கு 392 வயது, கூடக்குறைய 120 என்று வந்தது.

மனித காமா டி-யை எடுத்துக்கொள்வோம். 173 அமினோ அமிலம், சுமார் 20.6 கிலோடால்டன், தனித்தே இருக்கும் மூலக்கூறு. நான்கு பீட்டா இழைகள் கிரேக்கப் பானை விளிம்பில் வரும் கோலம் போல மடங்கினால் அது ஒரு கிரேக்கச் சாவி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 அமினோ அமிலம். இரண்டு சாவி சேர்ந்து ஒரு களம், இரண்டு களம் சேர்ந்து ஒரு மூலக்கூறு. இந்த மடிப்பை முதலில் காட்டியது மாட்டின் காமா பி, 1981-இல் டாம் பிளண்டெல் குழு. பீட்டா கிரிஸ்டலினிலும் இதே நான்கு சாவிதான், ஆனால் பீட்டா பி2-வில் இரண்டு களங்களையும் இணைக்கும் துண்டு மடங்காமல் நீண்டு கிடக்கும். அங்கே ஒரு மூலக்கூறின் முன்களம் அடுத்ததன் பின்களத்தோடு கைகோத்துக்கொள்கிறது. பீட்டா இரட்டை முதல் எட்டு வரை கூட்டாக வருகிறது, காமா தனியாக நிற்கிறது.

நிலைப்புக்கு அளவு சொல்கிறேன். 37 டிகிரியில் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு கொடுத்தால் காமா டி-யின் முன்களம் 2.2 மோலாரிலும் பின்களம் 2.8 மோலாரிலும் அவிழ்கின்றன. பலவீனமான புள்ளி முன்களம்தான். திரும்ப மடிக்க முயல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குவானிடின் 1 மோலாருக்குக் கீழே நீர்த்ததும் ஒரு பகுதி மடிவதற்குப் பதில் திரளும். களங்கள் பாதி மடிந்த நிலையில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதே காரணம். புரத அடர்த்தியை 10 மைக்ரோகிராம்/மி.லி. பக்கம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இன்னொரு நுட்பம். காமா டி-யில் நான்கு ட்ரிப்டோபேன்: 42, 68, 130, 156. வழக்கமான புரதங்களில் மடிந்த நிலையில் ஒளிர்வு அதிகம், அவிழ்ந்தால் குறையும். இதில் தலைகீழ். 42 தன் ஆற்றலை 68-க்கும், 130 தன் ஆற்றலை 156-க்கும் கடத்திவிடும். 68, 156 இரண்டும் அதை நொடிப்பொழுதில் வெப்பமாக்கிவிடும். புற ஊதாக்கதிர் வாழ்நாள் முழுக்கத் தாக்கும் இடத்தில் இது பெரிய பாதுகாப்பு. அவிழ்தலை அளப்பவர்கள் 295 நானோமீட்டரில் தூண்டி, 360-க்கும் 320-க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். வெறும் உச்ச அளவை மட்டும் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள்.

அகழி

தும்பி சொன்னது சரி, ஆனால் கதையின் நாயகன் ஆல்பா. அது சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதம். அவிழத் தொடங்கும் பீட்டாவையும் காமாவையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஜோசப் ஹார்விட்ஸ் 1992-இல் காட்டினார். அதன் பிறகு லென்ஸ் தெளிவை விளக்க வேறென்ன வேண்டும்?

அமைப்பு: ஆல்பா ஏ 173 அமினோ அமிலம், ஆல்பா பி 175. லென்ஸில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. நடுவில் சுமார் 90 அமினோ அமிலம் கொண்ட ஆல்பா கிரிஸ்டலின் களம், இம்யூனோகுளோபுலின் போன்ற பீட்டா அடுக்கு. இரண்டு களங்கள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து இரட்டையாகும். வால்பகுதியில் ஐசோலூசின்-புரோலின்-ஐசோலூசின் (ஆல்பா ஏ-யில் மூன்றாவது வேலின்) என்ற மூன்றும் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். தலைப்பகுதி ஒழுங்கற்றது. இதனால் 12, 16, 20, 24 என்று பலவித எண்ணிக்கையில் கூட்டாகும், உறுப்புகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முழு நீளப் புரதம் படிகமாகாமல் ஆய்வாளர்களைத் திணறடித்தது இதனால்தான். 2009-க்குப் பிறகு வெட்டப்பட்ட நடுக்களங்கள்தான் படிகமாயின. ஆல்பா ஏ-யின் கூட்டமைப்பைக் குளிர்மின்னணு நுண்ணோக்கி 2019-இல் காட்டியது.

ஒளிச்சிதறல்

ஆல்பாவின் பங்கை மறுக்கவில்லை, அகழி. ஆல்பா ஏ நீக்கப்பட்ட எலிகளுக்குப் புரை வருகிறது. ஆனால் ஆல்பா பி நீக்கப்பட்ட எலிகளின் லென்ஸ் தெளிவாகவே இருக்கிறது. மனித லென்ஸின் நடுப்பகுதியில் நாற்பதைக் கடந்த பின் கரையும் ஆல்பா ஏறக்குறைய தீர்ந்துபோகிறது, ஆனாலும் பலருக்குப் பல ஆண்டுகள் பார்வை தெளிவாகவே தொடர்கிறது. ஆல்பா ஒரு சேமிப்பு. செலவாகிக்கொண்டே போகும், திரும்ப நிரம்பாது. அது ஏடிபி செலவழித்து மடித்து விடுவிக்கும் வகையும் அல்ல, பிடித்து வைத்துக்கொள்ளும் வகை மட்டுமே.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்பாவுக்கும் காமாவுக்கும் இடையே ஒரு மெல்லிய ஈர்ப்பு இருந்தால்தான் கலவை தெளிவாக இருக்கும் என்று ஸ்ட்ராட்னர் குழு 2007-இல் காட்டியது. ஈர்ப்பே இல்லாவிட்டால் காமா தனியே ஒதுங்கும், அதிகமானால் எல்லாம் ஒன்றாகக் கட்டியாகும். இங்கே ஆல்பா செய்வது பிடித்து வைக்கும் வேலையே அல்ல, கலந்திருக்கும் வேலை.

அகழி

கடைசியாகச் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கிறேன். அப்படியானால் புரை என்றாலே மடிப்புக் குலைவு என்ற பாடநூல் வரியைத் திருத்த வேண்டும்.

தும்பி

திருத்தத்தான் வேண்டும், காமா டி-யின் பரம்பரை மாற்றங்களே அதற்குச் சாட்சி. 36-ஆவது அர்ஜினின் செரினாக மாறினால் புரதம் நன்றாகவே மடிந்திருக்கும், ஆனால் லென்ஸுக்குள் படிகமாகிவிடும். 2000-இல் ஒரு சிறுவனின் லென்ஸிலிருந்து உண்மையான படிகங்களையே எடுத்தார்கள். 58-ஆவது அர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறினாலும் இதே போல, ஊசி ஊசியான புரை. 23-ஆவது புரோலின் த்ரியோனினாக மாறினால் கரைதிறன் தலைகீழாகிறது: சூடேற்றினால் கரைவது குறைகிறது, குளிர்ந்தால் கூடுகிறது. இந்த மூன்றிலும் மடிப்பு ஏறக்குறைய பழையபடியே. மாறியது மேற்பரப்பு மட்டும்.

42-ஆவது ட்ரிப்டோபேன் அர்ஜினினாக மாறுவது வேறு வகை. அங்கே முன்களத்தின் உள்மையமே ஆட்டங்காண்கிறது. 42 இப்படிக் கெட்டு, களம் கொஞ்சம் திறக்கும்போது 32, 41 ஆகிய சிஸ்டீன்களுக்கு இடையே டைசல்பைடு என்ற சல்பர் பிணைப்பு விழுந்தால் அவிழ்ந்த வடிவம் பூட்டிக்கொள்கிறது. திரள்வது அதன் பிறகுதான்.

ஆக மங்கலுக்கு மூன்று வழி: திரவமாகப் பிரிதல், படிகமாதல், குலைந்து திரளுதல். முதுமைப் புரை பெரும்பாலும் மூன்றாவது.

நிலாமுற்றம்

முதுமைப் புரையில் அந்தப் பூட்டு விழ வழி செய்வது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளுட்டாதியோன் என்ற சிறு மூலக்கூறின் வறட்சி. புறப்பகுதியில் அது சில மில்லிமோலார் அளவுக்கு உண்டு. நடுவயதில் புறப்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு தடை உருவாவதாக ஸ்வீனியும் ட்ரஸ்காட்டும் 1998-இல் காட்டினார்கள். வெளியிலிருந்து குளுட்டாதியோன் உள்ளே போகாது, உள்ளே ஆக்சிஜனேற்றம் தொடரும். இதனோடு அஸ்பரஜின் அமைடு இழந்து அஸ்பார்டிக் அமிலமாகும், ஆல்பா ஏ-யின் 58, 151 ஆகிய இடங்களில் அஸ்பார்டிக் அமிலம் இடக்கை வடிவிலிருந்து வலக்கை வடிவுக்குத் திரும்பும். இவற்றைச் சரிசெய்ய செல்லில் இயந்திரமே மிச்சமில்லை.

சொட்டு மருந்தால் புரை கரையுமா என்று கேட்பவர்களுக்காக இதையும் பதிகிறேன். லானோஸ்டெரால் என்ற ஸ்டீரால் புரையைக் கரைக்கும் என்று 2015-இல் ஒரு கட்டுரை பெரும் பரபரப்பு உண்டாக்கியது. அதே ஆண்டு இந்தியாவில், அறுவையில் எடுத்த மனித லென்ஸ் மையங்களை லானோஸ்டெரால் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தபோது மாற்றம் தெரியவில்லை. 2019-இல் வெளியான இன்னோர் ஆய்விலும் அது தெளிவை மீட்கவில்லை. டைசல்பைடுப் பூட்டும் வெட்டுண்ட துண்டுகளும் நிறைந்த ஒரு திரளை ஸ்டீரால் ஒன்று எப்படித் திரும்ப மடிக்கும்? இன்றைக்குப் பலன் தருவது அறுவைதான். சொட்டு மருந்தை நம்பி அறுவையைத் தள்ளிப்போட்டால் மையம் கல்லாக இறுகி, அறுவையும் கடினமாகும்.

பரிதி

பிரித்தெடுத்த ஆல்பாவைச் சோதிக்க இன்சுலின் முறையைத்தான் நினைத்திருக்கிறேன்: டிடிடி போட்டால் இன்சுலின் திரளும், அதை ஆல்பா தடுக்கிறதா என்று பார்ப்பது. காமாவின் அளவை 280 நானோமீட்டரில் பார்த்தால் போதுமா?

படிகன்

அளவு பார்க்க 280 போதும், ஆனால் ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடக்கூடாது. மனித காமா டி-யில் 4 ட்ரிப்டோபேன், 14 டைரோசின். 1 மி.கி./மி.லி. கரைசல் 1 செ.மீ. கலனில் 2.08 காட்டும். மாட்டுக் காமாவும் அதன் அருகில்தான். ஆல்பாவுக்கு வரிசையிலிருந்து வருவது 0.7 மட்டுமே. ஆனால் ஆல்பா பெரிய கூட்டு, சிதறலும் சேர்ந்து வாசிப்பைக் கூட்டிக் காட்டும். 320 முதல் 350 வரை உள்ள வாசிப்பை நீட்டி 280-இல் கழித்துவிடுங்கள். பத்தியிலிருந்து இறங்கும் காமாவில் உடனே புது டிடிடி சேருங்கள். பிஹெச் 7.5, 20 டிகிரியில் டிடிடி பத்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். நேற்றைய பஃபரை நம்பினால் சிஸ்டீன்கள் கோத்துக்கொண்டு இரட்டை மூலக்கூறுகள் வரும்.

இன்சுலின் சோதனைக்கு: இன்சுலினை நேரடியாகப் பஃபரில் போட்டால் சரியாகக் கரையாது. 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மி.கி./மி.லி. கரைத்து, அங்கிருந்து 50 மில்லிமோலார் பாஸ்பேட், 100 மில்லிமோலார் உப்பு, பிஹெச் 7.2 பஃபருக்கு மாற்றுங்கள். இறுதி அளவு 0.3 மி.கி./மி.லி. ஆல்பாவை எடை விகிதத்தில் 0.25, 0.5, 1 என்று வையுங்கள். பத்து நிமிடம் வெப்பம் சமனானதும் டிடிடி 20 மில்லிமோலார். கரைசல் மங்குவதை 360 நானோமீட்டரில் 40 நிமிடம் பாருங்கள். வெப்பநிலை 37. ஆல்பாவின் பிடிக்கும் திறன் 30 டிகிரிக்கு மேல் சட்டெனக் கூடுவதை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தில் மோகன் ராவ் குழு 1990-களில் காட்டியது. 25-இல் ஓட்டிவிட்டு ஆல்பா செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

உங்கள் பஃபரில் உள்ள இடிடிஏ இன்சுலினின் துத்தநாகத்தைப் பறித்துத் திரளும் வேகத்தை மாற்றும். ஆல்பா இல்லாத கலனிலும் அதே அளவு இடிடிஏ இருக்கட்டும். ஆல்பாவுக்குப் பதில் அதே எடை ஆல்புமின் போட்ட கலன் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் வெறும் புரத நெரிசலின் விளைவை ஆல்பாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கோடு உச்சிக்குப் போய்க் கீழே இறங்கினால் ஆல்பா திரளைக் கரைத்தது என்று எண்ணாதீர்கள். கலனைக் கையில் எடுத்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் திரள் ஒளிக்கற்றைக்குக் கீழே இறங்கிவிட்டது என்றே பொருள். அந்த ஓட்டத்தில் உச்சி வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.